பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட்: ஏ.பி.யா, டூயல் என்ரோல்மென்ட்டா, ஐ.பி.யா, கிளெப்பா?

அமெரிக்காவில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதுமே வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஏ.பி. பாடங்களை அடுக்கிக்கொண்டே போவதா, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், பள்ளியோடு சேர்த்தே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் சேர்ப்பதா, ஐ.பி. நடத்தும் பள்ளிக்கு மாற்றுவதா, இடையில் கிளெப் என்று ஒன்று சொல்கிறார்களே அதை எழுதவைப்பதா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான்குமே கல்லூரி கிரெடிட், அதாவது பட்டத்துக்கு எண்ணப்படும் பாட அலகு, தரக்கூடியவைதான். ஆனால் ஒரே பிள்ளைக்கு நான்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

எது சுலபம், எது மலிவு என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு. அந்தக் கிரெடிட் பட்டத்துக்குத் தேவையான ஒரு பாடத்தின் இடத்தில் போய் உட்காருவது வேறு. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் போகும் மாணவி டூயல் என்ரோல்மென்ட்டில் காலேஜ் அல்ஜீப்ரா முடித்து 3 கிரெடிட்டோடு வருகிறாள் என்று வையுங்கள். பல்கலைக்கழகம் அதை ஏற்கும், டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏற்றவும் செய்யும். ஆனால் அவளுடைய பட்டத்தின் கணிதம் கால்குலஸில்தான் தொடங்குகிறது. எனவே அந்த 3 கிரெடிட் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கணக்கில் தூங்கும். அவள் படிக்க வேண்டிய ஒரு பாடம்கூடக் குறையாது. 40 கிரெடிட்டோடு உள்ளே போய் நான்கு ஆண்டும் முழுசாகப் படிக்கும் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் இதுதான். கிரெடிட் எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள். போக நினைக்கும் பட்டத்தின் நான்காண்டுப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரியை அடிக்க முடியும் என்று பாருங்கள். நான்கு வழிகளையும் நாங்கள் எடைபோடுவது இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

ஏ.பி.: ஒரே நாள் தேர்வு, நாடு முழுக்கச் செல்லும் மதிப்பெண்

ஏ.பி.யை நடத்துவது காலேஜ் போர்டு. பாடம் ஆண்டு முழுக்கப் பள்ளியில் நடக்கும், தேர்வு மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வரும், மதிப்பெண் 1 முதல் 5 வரை. கிரெடிட்டைத் தீர்மானிப்பது அந்த ஒரு தேர்வு மட்டுமே. வகுப்பில் ஏ வாங்கிவிட்டுத் தேர்வில் 2 எடுத்தால் கிரெடிட் கிடையாது. வகுப்பில் பி வாங்கிவிட்டுத் தேர்வில் 5 எடுத்தால் கிரெடிட் உண்டு.

கால்குலஸ் தேர்வை எடுத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். மொத்தம் 3 மணி 15 நிமிடம். முதல் பாதியில் 45 கொள்குறிக் கேள்விகள்: கால்குலேட்டர் இல்லாமல் 30 கேள்விக்கு 60 நிமிடம், கால்குலேட்டரோடு 15 கேள்விக்கு 45 நிமிடம். அடுத்த பாதியில் விரிவான விடை எழுத 6 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி. இரண்டு பாதிக்கும் சம எடை. தவறான விடைக்குக் கழிவு இல்லாததால் ஒரு கேள்வியையும் காலியாக விடக்கூடாது. விரிவான விடைப் பகுதியில் புள்ளிகள் படிப்படியாகக் கிடைக்கும். கடைசி விடை தப்பானாலும் தொகையீட்டைச் சரியாக அமைத்தவருக்கு அதற்கான புள்ளி கிடைத்துவிடும். மனத்துக்குள்ளேயே கணக்குப்போட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கமுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கேதான் புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள். கால்குலஸில் AB, அதைவிட மேம்பட்ட பி.சி. (BC) என்று இரண்டு தேர்வுகள் உண்டு; பி.சி. எழுதினால் அதற்குள்ளேயே AB பகுதிக்கான துணை மதிப்பெண் தனியாக வரும். அதை வைத்து முதல் செமஸ்டர் கால்குலஸுக்காவது கிரெடிட் கேட்க முடியும்.

செலவு 2025-26 கல்வியாண்டில் ஒரு தேர்வுக்கு 99 டாலர். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே எழுதினால் 129. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு, சில மாநிலங்களும் மாவட்டங்களும் முழுத் தொகையையும் கட்டிவிடும். பிசிக்ஸ் சி-யில் மெக்கானிக்ஸ் ஒன்று, மின்சாரமும் காந்தமும் ஒன்று என இரண்டு தனித் தேர்வுகள், இரண்டு கட்டணம். பள்ளி தேர்வுகளை ஆர்டர் செய்யும் கடைசி நாள் நவம்பர் நடுவில் வரும். பல பள்ளிகள் அக்டோபரிலேயே பட்டியலை மூடிவிடுகின்றன. தாமதமானால் தேர்வுக்கு 40 டாலர் கூடுதல்.

பள்ளியில் அந்தப் பாடமே இல்லையென்றால் சொந்தமாகப் படித்தும் எழுதலாம் (செமினார், ரிசர்ச் இரண்டும் விதிவிலக்கு). சிக்கல் படிப்பில் இல்லை, இடத்தில். வெளி மாணவரை ஏற்கப் பள்ளிகளுக்குக் கட்டாயம் கிடையாது. ஆகஸ்ட் கடைசியிலேயே சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஏ.பி. கோஆர்டினேட்டர்களை அழைத்துக் கேட்க ஆரம்பிக்க வேண்டும். ஜனவரியில் கேட்டால் கதவு மூடியிருக்கும்.

எங்கே எவ்வளவு மதிப்பு? கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே உள்ள பெயர்) தருகின்றன. டெக்சாஸில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 3-க்கு கிரெடிட் தர வேண்டும் என்பதே சட்டம். இந்தப் பாடத்துக்கு இன்னும் அதிகம் வேண்டும் என்று கல்விப் பொறுப்பாளர் காரணத்தோடு முடிவெடுத்தால் மட்டும் விலக்கு. நியூஜெர்சியில் ரட்கர்ஸின் கலை, அறிவியல் கல்லூரி 4 அல்லது 5 கேட்கிறது. எம்.ஐ.டி. கால்குலஸ் பி.சி.யில் 5 எடுத்தவருக்கு முதல் கால்குலஸ் பாடத்தை விடுகிறது. கால்டெக் ஏ.பி.க்கு கிரெடிட் தருவதே இல்லை. டார்ட்மத் எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்ய மட்டும் அதை வைத்துக்கொள்ளும். ஆக, மிகத் தேர்ந்தெடுத்து எடுக்கும் தனியார் கல்லூரிகளைக் குறிவைக்கும் பிள்ளைக்கு ஏ.பி. சேர்க்கைக்கு உதவும்; ஆனால் பணத்தை மிச்சப்படுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் லாங்குவேஜ், இங்கிலீஷ் லிட்டரேச்சர் இரண்டும் எழுதினாலும் சேர்த்து 8 குவார்ட்டர் யூனிட்தான் உச்சவரம்பு. எல்லா பிசிக்ஸ் தேர்வுகளுக்கும் சேர்த்தும் அவ்வளவே. ஒரே கட்டத்துக்குள் இரண்டு தேர்வுகளைத் திணிப்பதைவிட வேறு கட்டத்தில் ஒன்றை எழுதுவது மேல். 2023-24-இல் வந்த ஏ.பி. பிரீகால்குலஸையும் கிரெடிட்டுக்காக எடுப்பதில் இன்ஜினியரிங் மாணவருக்குப் பெரிய லாபம் இல்லை. காலேஜ் அல்ஜீப்ராவுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

டூயல் என்ரோல்மென்ட்: பதினாறு வார உழைப்பு, அழியாத டிரான்ஸ்கிரிப்ட்

இது தேர்வு இல்லை, நிஜக் கல்லூரிப் பாடம். பிள்ளை கம்யூனிட்டி காலேஜின் மாணவராகவே பதிவாகிறார். அந்த ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஏறும். பதினாறு வாரத்தில் வீட்டுப்பாடம், இடைத்தேர்வு, கட்டுரை, இறுதித் தேர்வு என்று மதிப்பெண் பல துண்டுகளாகச் சேரும். ஒரே நாளில் பதறி விழும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். வாராவாரம் தானாக உட்கார்ந்து வேலையை முடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதுவே பொறி.

நேரத்தை முதலில் கணக்கிடுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும் என்பது வழக்கமான அளவு. 3 கிரெடிட் பாடம் என்றால் வாரம் 9 மணி நேரம். அதே பாடத்தை 8 வாரச் சுருக்க வகுப்பில் எடுத்தால் 18 மணி நேரம். பள்ளிப் பாடங்கள், இசை வகுப்பு, டென்னிஸ் எல்லாவற்றோடும் சேர்த்து இரண்டு சுருக்க வகுப்புகளில் போடப்பட்ட பிள்ளை மூன்றாம் வாரத்திலேயே திணறுவதில் ஆச்சரியம் எதுவுமில்லை. முதல் தடவைக்கு ஒரே ஒரு பாடம், முழு செமஸ்டர் வகுப்பு போதும்.

செலவும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும். கலிஃபோர்னியாவில் யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கல்விக் கட்டணம், 11 யூனிட் வரை எடுக்கும் பள்ளி மாணவருக்குத் தள்ளுபடி; புத்தகமும் சில சில்லறைக் கட்டணங்களும் நம் தலையில். வாஷிங்டனின் ரன்னிங் ஸ்டார்ட்டில் 11, 12-ஆம் வகுப்பினர் பெல்வியூ, கஸ்கேடியா போன்ற கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். அங்கே 5 குவார்ட்டர் கிரெடிட் பாடம் ஒன்று பள்ளியில் ஒரு முழு ஆண்டுப் பாடத்துக்குச் சமம் என்பதால் பள்ளித் தேவைகளும் வேகமாக முடியும். ஃபுளோரிடாவில் கல்விக் கட்டணம் கிடையாது. கல்லூரிப் பாடங்களுக்கு எடையிடாத ஜி.பி.ஏ. (கடினப் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்க்காத சராசரி) 3.0 வேண்டும். ஒஹையோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ் ஏழாம் வகுப்பிலிருந்தே திறந்திருக்கிறது, அரசுக் கல்லூரி என்றால் புத்தகமும் இலவசம். ஆனால் பாடத்தில் தோற்றால் அந்தச் செலவைப் பள்ளி மாவட்டம் குடும்பத்திடம் திருப்பிக் கேட்கலாம். ஜார்ஜியா 30 செமஸ்டர் கிரெடிட் வரைதான் பணம் தரும். டெக்சாஸில் 2023-இல் வந்த ஃபாஸ்ட் திட்டம், இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் செலவில்லாமல் டூயல் கிரெடிட் தருகிறது.

சேர்வதற்கான படிகளில் எங்கே தடுக்கும் என்று தெரிந்திருந்தால் பாதிக் கவலை குறையும். கலிஃபோர்னியாவில் முதலில் சி.சி.சி. அப்ளை தளத்தில் விண்ணப்பம், பிறகு பள்ளி முதல்வரும் பெற்றோரும் கையெழுத்திடும் படிவம். கால்குலஸ் போன்ற பாடம் என்றால் பிரீகால்குலஸ் முடித்ததற்குச் சான்றாகப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்து முன்தேவைத் தடையை நீக்க வேண்டும். இந்தத் தடை நீங்கக் கவுன்சலிங் அலுவலகத்தில் சில நாட்கள் பிடிக்கும். பதிவு திறக்கும் அன்று கொடுத்தால் இடம் போய்விடும். பள்ளி மாணவர்களுக்குப் பதிவு வரிசையில் பொதுவாகக் கடைசி இடம்தான். ஓலோனி, டி ஆன்சா போன்ற கம்யூனிட்டி காலேஜ்களில் கணித, கம்ப்யூட்டர் வகுப்புகளில் இடம் வேண்டுமென்றால் வெயிட்லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் வகுப்புக்குக் கட்டாயம் போய் ஆசிரியரிடம் ஆட் கோட் (வகுப்பில் சேர அனுமதிக்கும் எண்) கேட்க வேண்டும். ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று மாற்று வகுப்பு எண்களைக் கையில் வைத்திருங்கள்.

டெக்சாஸில் முதல் வாசல் டி.எஸ்.ஐ. தேர்வு. கணிதத்தில் 950, மொழியில் 945, அதோடு கட்டுரையில் 5 எடுத்தால் கல்லூரிக்குத் தயார் என்ற அடையாளம் கிடைக்கும். எஸ்.ஏ.டி.யில் மொழிக்கு 480, கணிதத்துக்கு 530 இருந்தால் அந்தந்தப் பகுதிக்கு டி.எஸ்.ஐ. தேவையில்லை. அங்கே மாநிலப் பொது எண் முறை ஒரு வரப்பிரசாதம். இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, கவர்ன்மென்ட் 2305, மேத் 2413 என்ற எண்கள் காலின் காலேஜிலும் டாலஸ் காலேஜிலும் ஒரே பொருளில் வரும். 42 கிரெடிட் பொதுப் பாடத்தொகுப்பு அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் அப்படியே நகரும். ஃபுளோரிடாவிலும் இதுபோன்ற பொது எண் உண்டு. கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் தளம், நியூஜெர்சியில் என்.ஜே. டிரான்ஸ்ஃபர் தளம்: கம்யூனிட்டி காலேஜ் பாடத்தைப் போட்டால் போகவிருக்கும் பல்கலைக்கழகத்தில் அது எந்தப் பாடமாக எண்ணப்படும் என்று காட்டும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துவையுங்கள். பிற்பாடு பாடத்திட்டம் மாறினால் அந்த அச்சுப்படிதான் உங்கள் பக்கம் பேசும்.

மாநில எல்லையைத் தாண்டினால் இந்த உறுதி தளர்ந்துபோகும். பல தனியார் பல்கலைக்கழகங்கள் இரண்டு கேள்வி கேட்கும்: அந்தப் பாடம் கல்லூரி வளாகத்தில், கல்லூரி மாணவர்களோடு நடந்ததா? பள்ளிப் படிப்பை முடிப்பதற்கும் அதே பாடத்தை எண்ணிவிட்டார்களா? முதல் கேள்விக்கு இல்லை என்றோ இரண்டாவதற்கு ஆம் என்றோ பதில் வந்தால் கிரெடிட் மறுக்கப்படலாம். பள்ளி வகுப்பறையில் பள்ளி ஆசிரியரே நடத்தும் டூயல் கிரெடிட் பாடங்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அடுத்து, பெற்றோர் பலருக்குத் தாமதமாகத் தெரியவரும் விஷயம். கல்லூரியில் பதிவான நிமிடத்திலிருந்து அந்தக் கல்லூரிப் பதிவேடுகளின் உரிமை, வயது பதினைந்தே ஆனாலும், மாணவருடையது. ஃபெர்பா சட்டம் அப்படிச் சொல்கிறது. பிள்ளை ஒப்புதல் படிவம் தராதவரை அம்மா அழைத்து "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் பேராசிரியர் பதில் சொல்லமாட்டார். பள்ளி போர்ட்டலில் தினமும் மதிப்பெண் பார்த்துப் பழகிய வீட்டில், டிசம்பரில் டி கிரேடு வந்து நிற்கும்போதுதான் எல்லோருக்கும் தெரியும்.

அந்த டி அழியாது. கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் பிள்ளையின் முதல் நிரந்தரக் கல்விப் பதிவு. பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் டிரான்ஸ்கிரிப்டையும் கட்டாயம் காட்ட வேண்டும். எனவே செமஸ்டர் தொடங்கிய அன்றே இரண்டு தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: பாடத்தைச் சுவடே இல்லாமல் கைவிடும் கடைசி நாள், டபிள்யூ என்ற குறியோடு விலகும் கடைசி நாள். முதல் இடைத்தேர்வு வருவதற்குள் முதல் தேதி பெரும்பாலும் கடந்துவிடும். இரண்டாவது தேதிக்கு முன் சராசரி சி-க்குக் கீழே நின்றால் டபிள்யூ வாங்கிக்கொண்டு வெளியே வருவதே எங்கள் பரிந்துரை. ஒரு டபிள்யூவை விளக்கிவிடலாம். டி பல இடங்களில் கிரெடிட்டாகவும் நகராது, ஜி.பி.ஏ.வையும் கெடுக்கும். வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டு முறைப்படி விலகாமல் இருந்தால் எஃப்தான் வரும்.

ஏ.பி.க்கும் டூயல் என்ரோல்மென்ட்டுக்கும் நடுவில் நிற்கிறது டெக்சாஸில் யு.டி. ஆஸ்டின் நடத்தும் ஆன்ராம்ப்ஸ். கல்லூரிப் பகுதியின் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே கிரெடிட்டை ஏற்பதா விடுவதா என்று மாணவர் முடிவுசெய்யலாம். பயந்த சுபாவமுள்ள, ஆனால் உழைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஜார்ஜியாவில் ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் பதினொன்றாம் வகுப்பிலேயே கால்குலஸ் பி.சி. முடித்துவிடுகிறவர்களுக்கு ஜார்ஜியா டெக்கின் தொலைவழிக் கணிதம் இருக்கிறது: லீனியர் அல்ஜீப்ரா, பல மாறிக் கால்குலஸ். கடினம்தான், ஆனால் அங்கேயே படிக்கப் போகிறவருக்கு அந்தப் பாடங்களைப் பிறகு திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

ஐ.பி.: கிரெடிட்டுக்காகச் சேராதீர்கள்

ஐ.பி. டிப்ளோமா ஆறு பாடங்கள் கொண்ட இரண்டாண்டு முழுத் திட்டம். பொதுவாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்டு லெவல். இவற்றோடு மையப் பகுதியாக அறிவுக் கோட்பாட்டு வகுப்பு, 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை, சமூகப் பணி போன்றவை. பாடத்துக்கு 7 வீதம் 42, மையப் பகுதிக்கு 3, ஆக 45. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஹையர் லெவல் பாடங்களில் 5 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் கிரெடிட் பேச்சையே எடுக்கும். ஆறு பாடத்துக்கும் உழைத்து மூன்றுக்குக் கிரெடிட் வாங்குவது கணக்காக மட்டும் பார்த்தால் நஷ்டம்.

இரண்டு இடங்களில் கணக்கு மாறும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள், எந்தத் தேர்விலும் 4-க்குக் குறையாமல் டிப்ளோமா வாங்கியவருக்குக் குறைந்தது 24 செமஸ்டர் கிரெடிட் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 30 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகளோடு டிப்ளோமா வாங்கியவருக்கு 30 குவார்ட்டர் யூனிட் தருகிறது. மற்றபடி எழுத்திலும் ஆய்விலும் ஆசையுள்ள பிள்ளைக்கு, கனடா, பிரிட்டன், இந்தியா என்று வெளிநாட்டுக் கல்லூரிகளையும் யோசிக்கும் குடும்பத்துக்கு ஐ.பி. நல்ல படிப்பு. கணிதத்தில் மட்டும் சீறிப்பாயும் பிள்ளையை ஆறு பாடச் சட்டகத்துக்குள் கட்டிப்போடாதீர்கள்.

கிளெப்: ஓட்டையை அடைக்கும் கருவி

கிளெப்பும் காலேஜ் போர்டின் தேர்வுதான், ஆனால் வகுப்பு கிடையாது. 34 தேர்வுகள், பெரும்பாலானவை 90 நிமிடம், ஆண்டு முழுக்கத் தேர்வு மையங்களில் எழுதலாம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, மையம் தனியாக ஒரு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பின் இலவசப் பாடத்தை முழுமையாக முடிப்பவருக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கிடைக்கும். கணினியில் எழுதி முடித்ததும், கட்டுரையுள்ள தேர்வு தவிர மற்றவற்றுக்கு மதிப்பெண் திரையில் வந்துவிடும். சரியில்லையென்றால் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எழுதலாம். தோல்வி பொதுவாகக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது.

இவ்வளவு வசதியாக இருந்தும் இதைக் கடைசியில் சொல்லக் காரணம், எல்லா இடங்களும் இதை ஏற்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கிளெப்பை ஏற்பதில்லை, அதே மாநிலத்தின் கால் ஸ்டேட் வளாகங்கள் ஏற்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியான பிறகு, அந்தப் பல்கலைக்கழகப் பட்டியலில் இருக்கும் தேர்வை மட்டும், பன்னிரண்டாம் வகுப்பு வசந்தத்திலோ கோடையிலோ எழுதுவதுதான் புத்திசாலித்தனம். சமூகவியல், அமெரிக்க வரலாறு, பொருளாதாரம் போல விடுபட்ட ஒரு பொதுப் பாடத்தை அடைக்க இது சரியான கருவி.

யாருக்கு எது?

சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகப்போகிறோம் என்று வீட்டில் தெளிவாக இருந்தால், ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, அரசியல், பொருளாதாரம் போன்ற பொதுப் பாடங்களை டூயல் என்ரோல்மென்ட்டில் முடியுங்கள். அந்தப் பாடங்களில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு குறைவு, நகர்வும் உறுதி. கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு எங்கள் ஓட்டு ஏ.பி.க்கு. காரணம், இவை அடுத்தடுத்த பாடங்களுக்கு அடித்தளம். 4 அல்லது 5 வாங்கியவர் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு முன்னே போகலாமா, வேண்டாமா என்று சேர்ந்த பிறகு முடிவுசெய்யும் வசதி ஏ.பி.யில் இருக்கிறது. யு.டி. ஆஸ்டினில் மாணவர் தானாகக் கோரினால்தான் தேர்வுக் கிரெடிட் பதிவாகும். டூயல் என்ரோல்மென்ட் மதிப்பெண்ணை அப்படி ஒளித்துவைக்க முடியாது.

அந்த முடிவை எடுக்க ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கால்குலஸ் முதல், இரண்டாம் பாடங்களின் பழைய இறுதித் தேர்வுத்தாள்களைப் பல துறைகள் இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒன்றை எடுத்து நேரம் வைத்து, புத்தகம் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் தாராளமாக அடுத்த பாடத்துக்குப் போகலாம். அறுபதில் நின்றால் கிரெடிட் கையில் இருந்தாலும் அந்தப் பாடத்தை அங்கேயே படிப்பது நல்லது. முதல் செமஸ்டரிலேயே பல மாறிக் கால்குலஸில் விழுந்து இன்ஜினியரிங் கிளையையே மாற்றிக்கொள்வதைவிட ஒரு பாடத்தைத் திரும்பப் படிப்பது மலிவு.

எங்கே போவோம் என்று தெரியாதவர்களுக்கும், வெளிமாநிலம், தனியார் என்று வலையை அகலமாக வீசுகிறவர்களுக்கும் ஏ.பி. முதுகெலும்பாக இருக்கட்டும். டெக்சாஸில் வகுப்புத் தரவரிசை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். யு.டி. ஆஸ்டினின் தானியங்கிச் சேர்க்கை 2026 இலையுதிர் காலத்திலிருந்து முதல் 5 சதவீதத்தினருக்குச் சுருங்கிவிட்டது. டூயல் கிரெடிட் பாடத்துக்கு ஏ.பி.யைவிடக் குறைந்த எடை தரும் பள்ளி மாவட்டங்கள் உண்டு. அந்தச் சின்ன வித்தியாசமே தரவரிசையைத் தள்ளிவிடும். மாவட்டத்தின் ஜி.பி.ஏ. விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டே பாடம் தேர்ந்தெடுங்கள். மருத்துவம் நினைப்பவர்கள் வேதியியல், உயிரியல் கிரெடிட்டை நம்பிப் பாடத்தைத் தவிர்க்க வேண்டாம். பல மருத்துவக் கல்லூரிகள் ஏ.பி. கிரெடிட்டை முன்தேவையாக ஏற்பதில்லை, அல்லது அதே துறையில் மேல்நிலைப் பாடம் கேட்கின்றன.

மூன்றே ஆண்டில் பட்டம் என்ற ஆசை நியாயமானதுதான், ஆனால் உதவித்தொகைக் கடிதத்தைப் படியுங்கள். எட்டு செமஸ்டருக்குத் தரும் தொகையை ஆறில் முடித்தால் மிச்சத்தைக் கையில் தரமாட்டார்கள். கிரெடிட் நிறைய இருந்தாலும் ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தால்தான் முழுநேர மாணவர். கிரெடிட்டின் சத்தமில்லாத லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பல வளாகங்களில் யூனிட் அதிகமுள்ளவருக்குப் பாடப் பதிவு முன்கூட்டியே திறக்கும்; கூட்டம் அலைமோதும் வகுப்புகளில் இடம் கிடைக்கும்; இரட்டை மேஜருக்கு நேரம் கிடைக்கும்.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், பெரும்பாலோர் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அப்போது மாநிலவாசிக் கட்டணம் கைநழுவும் ஆபத்து பல மாநிலங்களில் உண்டு. மத்திய அரசின் உதவித்தொகையும் இவர்களுக்கு இல்லை. எனவே உண்மையில் பாடங்களைக் குறைக்கும் 30 கிரெடிட், இவர்களுக்குக் கடைசி ஆண்டின் பெரும் செலவைத் தவிர்க்கக்கூடும். ஆனால் எச்-4-இலேயே பட்டம் முடித்தால் ஓ.பி.டி. வேலை அனுமதி கிடைக்காது, அது எஃப்-1 மாணவருக்கு உரியது. அவசரமாக முடிப்பதா, கடைசி ஆண்டில் எஃப்-1-க்கு மாறிவிட்டு முடிப்பதா என்று குடிவரவு வழக்கறிஞரோடு பேசிவிட்டு வேகத்தை முடிவுசெய்யுங்கள். டூயல் என்ரோல்மென்ட்டுக்கு எச்-4 தடையில்லை. தனி மாணவர் விசா தேவையில்லை. கட்டணத் தள்ளுபடி பொருந்துமா என்பதை மட்டும் கல்லூரியின் வசிப்பிடப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழுக்கு ஏ.பி. தேர்வு இல்லை. ஆனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, தமிழிலும் நடத்தப்படும் அவான்ட் ஸ்டாம்ப் போன்ற தேர்வை எழுதி மாநிலத்தின் இருமொழி முத்திரையை (சீல் ஆஃப் பைலிட்டரசி, இருமொழித் திறனுக்கான சான்று) பெறலாம். இல்லினாயில் அரசுக் கல்லூரிகள் அந்த முத்திரையைக் கணக்கில் எடுக்கச் சட்டமே இருக்கிறது, மின்னசோட்டாவிலும் மாநிலக் கல்லூரிகளில் அதற்குக் கிரெடிட் உண்டு. மொழித் தேவை உள்ள பட்டம் என்றால் இரண்டு செமஸ்டர் ஸ்பானிஷ் படிக்கும் நேரம் மிச்சமாகலாம். நம் குடும்பங்களில் அதிகம் பேர் கேட்காமலே விட்டுவிடும் வழி இது.

கடைசி வேலை பன்னிரண்டாம் வகுப்பின் ஜூனில். ஏ.பி. மதிப்பெண்ணை ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பும் வாய்ப்பு ஜூன் 20 வரை. அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 15 டாலர். பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் டூயல் என்ரோல்மென்ட் பாடம் அச்சாகியிருப்பது போதாது. படித்த ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலிருந்தும், இறுதி கிரேடு ஏறிய பிறகு, அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டைத் தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். கிரேடு ஏறும் முன்பே ஆர்டர் செய்தால் பாடம் 'நடப்பில்' என்றே போய்ச் சேரும். பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப். ஆக வைத்திருங்கள், எலெக்டிவாக வந்த கிரெடிட்டைச் சரியான பாடமாக மாற்றித் தரும்படி துறையிடம் மனு கொடுக்க அதைத்தான் கேட்பார்கள். ஓரியன்டேஷன் நாளுக்கு முன் கிரெடிட் பதிவாகவில்லை என்றால், ஆலோசகர் ஏற்கெனவே படித்த பாடத்திலேயே பிள்ளையை மறுபடி உட்காரவைத்துவிடுவார். அந்த நாளில் டிரான்ஸ்கிரிப்டின் ஒரு பிரதியும் ஏ.பி. மதிப்பெண் தாளும் பிள்ளையின் பையில் இருக்கட்டும்.